ஏரிக்கரைக்குப் போன டோலி

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கேழ்வரகு அறுப்பு முடிந்து, ஆற்காட்டுப் பக்கத்துக் கூலியாட்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் முன்பே ரயிலேறிவிட்டார்கள். கடைசிக் களத்தில் தங்கியிருந்த சிலர் மட்டும், கேழ்வரகுத் தாள் ஏற்றிய ஒரு வண்டியின்மேல் ஏறி உட்கார்ந்து, மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார்கள்.

2. தொடர்மழையில் ஏரிக்கரை ஊறிப்போயிருந்தது. இடது சக்கரத்தின் கீழே கரை சரிந்தது. வண்டி மாடுகளோடு ஏரிக்குள் கவிழ்ந்தது. தாள்கட்டுகள் ஆட்களின்மேல் விழுந்தன.

3. இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் அந்த வழியே வந்தார்கள். தண்ணீரில் குதித்து, கையில் அகப்பட்டவர்களை எல்லாம் வெளியே இழுத்தார்கள்.

4. சுரங்கத்து டோலிகளை வரவழைத்து எல்லோரையும் எங்கள் சுரங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். யாருக்கு உயிர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று நின்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

5. நான்கு பெண்களும் இரண்டு ஆண்களும் இறந்திருந்தார்கள். வண்டியோட்டி நீந்திக் கரையேறியிருந்தான். உயிரோடு எங்கள் கைக்கு வந்தது ஒருத்திதான். அவளுக்கு இடது தொடை எலும்பு முறிந்திருந்தது.

6. எங்கள் ஆட்கள் சுரங்கத்தில் இறந்தவர்களுக்குச் செய்வதை அப்படியே இவர்களுக்கும் செய்தார்கள். ஈர உடைகளைக் கத்தரித்துக் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் போட்டார்கள். உடலைக் கழுவி வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். மணிக்கட்டில் எண் கட்டினார்கள்.

7. போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சவக்கொட்டகை எப்போதும் காலியாக இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் நண்பகலுக்கு முன்பே ஆறு பேரையும் ஏரி இருந்த கிராமத்துக்கே அனுப்பிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிடுவதாக அந்த ஊர்த் தலைவரான பட்டேல் சொல்லி அனுப்பினார்.

8. உயிரோடிருந்தவளிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

இந்த எட்டாவதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மணமான பெண் வார்டில் வேலை செய்யக்கூடாது என்பது இந்த ஆஸ்பத்திரியின் விதி. எனக்கு அடுத்த மாதம் கலியாணம். ஆகையால் என் வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. பெண்கள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூவரும் பயிற்சிப் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள். கட்டுப்போடவும் மருந்து அளக்கவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வருடங்களுக்கு முந்திய, பாடத்தில் இல்லாத ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவள் பெயர் கன்னியம்மா. ஊர் குடியாத்தத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். கறுத்து மெலிந்த உடம்பு, அரிவாள் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. கால் முறிந்தவர்கள் வழக்கமாக முதலில் காலைப் பற்றித்தான் கேட்பார்கள். இவள் கண் விழித்ததும் தங்கையைக் கேட்டாள்.

வார்டு ஆயா தெரேசா பக்கத்தில் உட்கார்ந்து பாலில் ரொட்டியைத் தோய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையம்மா எங்க கீது?"

"அந்தாண்ட வார்டுல கீதும்மா."

"துன்னுச்சா?"

"துன்னுச்சி, துன்னுச்சி. நீ வாயத் தொற."

கன்னியம்மா மிச்ச ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியை ஆயாவின் கையில் வைத்தாள்.

"இத்த அதுக்குக் குடுத்துடு. அதுக்கு ரொட்டின்னா உசுரு. ரயிலடியில வாங்கித் தரேன்னு ஆச காட்டித்தான் இட்டாந்தேன். மாமியாக்காரி வுடவே மாட்டேன்னா. நான்தான் வம்பு பண்ணி இட்டாந்தேன்."

தெரேசா வராந்தாவுக்கு வந்தாள். கையில் அந்தப் பாதி ரொட்டி இருந்தது.

"இத்த இன்னா பண்றது நர்சம்மா? தூக்கிப் போடவும் மனசு வரல, துன்னவும் மனசு வரல."

அவளே சமையற்கட்டுக்குப் பின்னால் போய்க் காக்கைக்கு வைத்துவிட்டு வந்தாள். தெரேசா ஞாயிறு தவறாமல் மாதாகோயில் பூசைக்குப் போகிறவள். அன்று அவளுக்கு அதுதான் தோன்றியது.

நான் டாக்டருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கும் அப்போதிகரியிடம் போனேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. முறிந்த எலும்பை எப்படித் தொடவேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவருடைய உத்தரவுக்குக் காரணம் இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் கிடந்தவள், தொடை எலும்பு முறிந்தவள், நாடி இன்னும் நிலைக்கவில்லை. இந்த நிலையில் சாவுச் செய்தி கேட்டால் நாடி விழுந்துவிடும் என்றார். முன்பொரு முறை, கால் நசுங்கிய ஒரு தொழிலாளியிடம் அவன் அண்ணன் இறந்ததை யாரோ சொல்லிவிட்டார்களாம். அவன் கட்டுகளோடு கட்டிலைவிட்டு எழுந்து நடந்தானாம். அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

"நாளைக்கு நானே சொல்கிறேன்" என்றார். "செய்தி ஒரு நாள் காத்திருக்கட்டும். எலும்பு காத்திருக்காது."

"அடக்கம் இன்றைக்கு, ஐயா. நாளைக்குச் சொன்னால் அவள் எதைப் பார்ப்பாள்?"

"பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்."

பிற்பகலில் கோரமண்டல் சுரங்கப் பக்கத்திலிருந்து அவருக்கு அவசரமாக ஆள் வந்தது. குதிரைவண்டியில் ஏறும்போது, "வார்டு உன் பொறுப்பு" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். நான் அனுமதி கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவர் கண்டும் காணாமல் விட்டார் என்று நினைக்கக்கூடாது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஏழுமலை வந்தார். காலையில் ஏரியில் முதலில் குதித்தவர் அவர். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், இன்னும் தூங்கவில்லை. கால்சட்டையில் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

"குழி வெட்டிக்கினு கீறாங்க நர்சம்மா. பெரிசா ஒரே குழி. பட்டேலு பேரு கேக்கறாரு. வண்டிக்காரனக் கேட்டா, ஆற்காட்டு ஜனம், அவ்ளோதான் தெரியுங்கறான். ஆள் சேத்த மேஸ்திரி முன்னமே ரயிலேறிட்டானாம். கைல நம்பரு கட்டி அனுப்சிகீறீங்களே, அதுக்கு இன்னா பேருன்னு சொல்லுங்க, போய்ச் சொல்லிடறேன்."

அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரி என்ன செய்திருக்கிறது என்பது எனக்கு முழுதாக விளங்கியது. சுரங்க ஆள் ஒவ்வொருவருக்கும் பித்தளை டோக்கன் உண்டு. அதில் எண் உண்டு. எண்ணைச் சொன்னால், ஆள்வருகை பதியும் டைம் ஆபீசில் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் வந்துவிடும். அதனால் இறந்தவர் கையில் அந்த எண்ணைக் கட்டுவது இங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். இவர்களுக்கு டோக்கன் இல்லை. எங்கள் ஆட்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாங்களே எண் போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த எண்ணை எந்த ஆபீசில் சொன்னாலும் ஒரு பெயரும் வராது. அவரவர் சேலையும் வேட்டியுமாவது ஆளைக் காட்டியிருக்கும். அவையும் ஒரே தொட்டியில் கிடந்தன.

"அந்த நம்பருக்குப் பெயர் கிடையாது, ஏழுமலை" என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கும்மா கட்டினீங்க?"

நான் வார்டுக்குள் போனேன். போகிற வழியில் என் வழக்கப்படி மனத்தில் கணக்கை இரண்டு பக்கமாகப் பிரித்தேன். சொன்னால் என்ன ஆகலாம்: நாடி விழலாம், காய்ச்சல் வரலாம், சேர்த்துக் கட்டிய எலும்பு விலகலாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைத் தெரிந்தவள் கட்டிலில் படுத்திருந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, நாடியைப் பிடித்துக்கொண்டே தொடங்கினேன்.

"கன்னியம்மா, உன் தங்கச்சி..."

"தெரியும்மா."

நாடி அப்படியேதான் இருந்தது.

"அது வாய வச்சிக்கினு சும்மா இருக்காது. பக்கத்து வார்டுல இருந்திருந்தா இந்நேரத்துக்கு உங்க ஆசுபத்திரி சந்தையா ஆயிருக்கும். யாருக்கு இன்னா நோவு, எந்தூரு, எத்தினி புள்ளன்னு எல்லாத்தையும் கேட்டிருக்கும். நானும் காலைலருந்து காத வச்சிக்கினே கீறேன். சத்தமே காணம்."

"பின்னே ரொட்டியைக் கொடுத்தனுப்பினாயே?"

"அந்த ஆயாம்மா மூஞ்சியப் பாக்கத்தான் குடுத்தேன். பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டுப் பொய் சொல்லிச்சி. நான் எப்பிடி இல்லங்கறது?"

நானும் தெரேசாவும் காலையிலிருந்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் எங்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மத்தவங்க?" என்று கேட்டாள். வண்டியோட்டியைத் தவிர அவள் ஒருத்திதான் மிச்சம் என்று சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். கண்ணைத் திறந்து, "எடுத்துட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்."

"அப்ப என்ன இட்டுக்கினு போ."

நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஏரி ஒரு மைலுக்கு மேல் இருக்கிறது. டோலியில் தூக்கிப் போகவேண்டும். வழியில் குலுங்கினால் எலும்பு விலகும். விலகினால் கால் குட்டையாகக் கூடிவிடும், கோணலாகலாம். காய்ச்சல் கண்டால் உயிருக்கும் ஆபத்து வரலாம்.

"செத்துருவனா?"

"பெரும்பாலும் மாட்டாய். மாட்டவே மாட்டாய் என்று சொல்ல என்னால் முடியாது. கால் கெட்டுப்போக நிறைய வழி இருக்கிறது."

"கோண காலோட ஊருக்குப் போலாம்மா. கண்ணால பாக்காம போனா, அது மாமியா வாசப்படி ஏற வுடுவாளா? 'எங்க போட்டுட்டு வந்த எம் மருமவள'ன்னு கேப்பா. நான் இன்னான்னு சொல்லுவேன்? ஆசுபத்திரில படுத்துக்கினு இருந்தேன், யாரோ பொதச்சாங்கன்னா? அதுக்கு ஒரு புள்ள கீது. வளந்து 'எங்கம்மாவ எந்த எடத்துல வெச்சீங்க'ன்னு கேக்கும். நான் கையக் காட்ட வாணாமா? எங்கம்மா வூட்டுலருந்து கோடிப் பொடவ போட என்ன வுட்டா யாரு கீறாங்க?"

மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து சேலை வரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கோடி என்று சொல்வது அதைத்தான். அங்கே பிறந்த வீடு என்று சொல்ல இருந்தவள் அவள் மட்டும்.

எனக்கு இரண்டாம் பக்கம் நிரம்பிவிட்டது. இதில் என் தைரியம் ஒன்றுமில்லை. முடிவை அவள் எடுத்தாள். அவளைப் பத்திரமாகக் கொண்டுபோவதுதான் என் வேலையாக இருந்தது.

அக்குளிலிருந்து கணுக்கால் வரை நீள மரத்தப்பை வைத்துக் கட்டினேன். அதை விவரிக்கவில்லை, உங்கள் பாடத்தில் இருக்கிறது. புறப்படும்போது அவள், "எம் பொடவ காஞ்சிதா?" என்று கேட்டாள். உயிரோடு வந்தவள் என்பதால் அவள் சேலையை மட்டும் தொட்டியில் போடாமல் அலசிக் காயப்போட்டிருந்தார்கள். சிவப்பில் கட்டம் போட்டது. அதை மடித்து மார்மேல் வைத்துக்கொண்டாள்.

ஏழுமலையும் அவருடைய ஷிப்ட் ஆட்கள் மூவரும் டோலியைத் தூக்கினார்கள். நால்வரும் இரவெல்லாம் உழைத்தவர்கள். முதல் திருப்பத்திலேயே ஒருவர், "சுரங்கத்தடியில லெவல்ல பாறை தூக்கறதுக்கு இது எவ்ளவோ மேலு. ஒரு மூட்டை கேவுரு வெயிட்டுகூட இல்ல இந்தம்மா" என்றார்.

"ஒரு களத்து கேவுர ஒத்தையா அறுத்துப் போட்ட கையி இது" என்று டோலியிலிருந்து பதில் வந்தது. "பாத்துத் தூக்கு."

"சரி மேஸ்திரியம்மா."

அவள் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. தெரேசா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை.

ஏரிக்குப் போக இரண்டு வழி. சுற்றுவழி கெட்டியான பாதை, ஆனால் நேரமாகும். கரைவழி குறுக்கு, ஆனால் காலையில் சரிந்தது அந்தக் கரைதான். வானத்தைப் பார்த்தேன். மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "கரைமேலேயே போங்கள்" என்றேன்.

வண்டி கவிழ்ந்த இடத்தைப் பத்திரமாகத் தாண்டினோம். அதற்கப்பால், எல்லோரும் மூச்சு விட்ட இடத்தில், பின்னால் வந்தவருடைய கால் களிமண்ணில் வழுக்கியது. முழங்காலிட்டு விழுந்தும் டோலியை அவர் கீழே விடவில்லை. ஆனால் அந்த ஒரு குலுக்கலில் கன்னியம்மா அலறினாள். அன்று முழுதும் அவள் அலறியது அந்த ஒரு முறைதான். தப்பைமேல் கையை வைத்தபோது எலும்பு விலகியது எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போகலாமா என்று கேட்டேன்.

"ஆனது ஆயிடிச்சி. போ" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை.

ஏரிக்குக் கீழே புறம்போக்கில் குழி தயாராக இருந்தது. பட்டேல் குடையோடு நின்றார். அவர் கன்னடக்காரர். எங்களிடம் பேசும்போது கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்.

"ஏனம்மா இது? முரிஞ்ச காலோட இவளை யாக்கே எடுத்துட்டு வந்தீங்க?"

"இவள் இவர்களோட ஆள், ஐயா" என்றேன்.

அவர் டோலியைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியோடு நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஆறு பேரும் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தார்கள். முகத் துணியை ஏழுமலை ஒவ்வொன்றாக விலக்கினார். இரண்டாவது முகம் பச்சையம்மாவுடையது. கன்னியம்மா வெகுநேரம் பார்த்தாள். அழுகை வரும் என்று நான் கையை நாடியில் வைத்திருந்தேன். வந்தது கோபம்.

"வெள்ளையில சுத்திட்டீங்களேம்மா! இது புருசன் கல்லு மாதிரி ஊர்ல கீறானே! சாகறதுக்கு முன்னயே அவனுக்குச் சாவு எழுதிட்டீங்களா?"

தெரேசா என்னைப் பார்த்தாள். சுரங்கத்தில் சாகிறவர்கள் ஆண்கள். வெள்ளைத் துணி எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. புருஷன் உயிரோடிருக்கும் பெண்ணை வெள்ளையில் அனுப்பக்கூடாது என்பது ஆஸ்பத்திரிக்கு வெளியே எங்களில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். உள்ளே வந்ததும் எங்கள் கை அதை மறந்துவிட்டது.

அவள் தன் சிவப்புச் சேலையை நீட்டினாள். நானும் தெரேசாவும் வெள்ளையை எடுத்துவிட்டு அதைச் சுற்றினோம். மற்ற பெண்களில் பெரிய முனியம்மா கைம்பெண், அவளுக்கு வெள்ளை இருக்கலாம் என்று கன்னியம்மா சொன்னாள். சின்ன முனியம்மாவுக்கும் அஞ்சலைக்கும் கூடாது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பட்டேல் ஓர் ஆளைத் தன் வீட்டுக்கு ஓடச் சொன்னார். நிறச் சேலை இரண்டும், மஞ்சளும், ஒரு முறத்தில் அரிசியும் வந்தன.

"அக்கி நம்ம மனேலிருந்து" என்று முறத்தைத் தானே வாங்கி டோலிக்குப் பக்கத்தில் வைத்தார். "நம்ம ஊர் ராகி அறுத்த ஜனம். நான் இவ்வளவாவது செய்யணும்."

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுரங்கக் குழியான ஷாப்டுக்குள் யாராவது இறந்தால், உடலை ஏற்றிய கேஜ் என்ற கூண்டு மேலே வந்து நின்றதும் கூட வேலை செய்தவர்களில் ஒருவர் பெயரை உரக்கக் கூவுவார். கூட்டத்தில் நிற்கிற வீட்டார் முன்னால் வருவதற்காக அப்படிச் செய்கிறார்கள். கன்னியம்மா பெயரைச் சொல்லச் சொல்ல, ஏழுமலை அதேபோல் கூவ ஆரம்பித்தார். வேறு எப்படிச் செய்வதென்று அவருக்குத் தெரியாது. பெரிய முனியம்மா என்று கூவினார். பச்சையம்மா என்று கூவினார். சின்ன முனியம்மா, அஞ்சலை, சடையன். முன்னால் வர வீட்டார் இல்லாததால் ஒவ்வொரு பெயருக்கும் டோலியைத்தான் கொஞ்சம் நகர்த்தினார்கள். அவள் கையை எட்டி அவரவர் வாயில் அரிசியை இட்டாள்.

ஆறாவது ஓர் ஆண். நடுவயது. கன்னியம்மா தலையைச் சாய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இது யாருன்னு தெரிலியே. காலைல ரோட்டாண்ட கையக் காட்டினாரு, ஏறிக்கினாரு. அஞ்சலதான் நகந்து எடம் குடுத்துச்சி. மழைல சுருட்டு பத்தவே இல்ல. பச்சையம்மா கிண்டல் பண்ணிச்சி. சிரிச்சாரு. பேரு கேக்கல நாங்க."

ஏழுமலை தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு முன்னைவிட உரக்கக் கூவினார்.

"கூட வந்தவரே!"

கன்னியம்மா அவர் வாயிலும் அரிசி இட்டாள்.

ஒரே குழிதான், ஆனால் வரிசையாக வைத்தார்கள். கிழக்கிலிருந்து இரண்டாவது பச்சையம்மா. கன்னியம்மா அதை எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். மண் விழத் தொடங்கியதும்தான் அழுதாள். திரும்பி வருகிற வழி முழுதும் அழுதாள். சுற்றுவழியாகவே வந்தோம்.

அப்போதிகரி மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. எலும்பை மறுபடி இழுத்துச் சேர்த்துக் கட்டினார், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். கையைக் கழுவும்போது, "இரண்டாம் முறை கட்டினால் பழைய நீளம் வராது" என்றார். "தெரியும், ஐயா" என்றேன்.

"இன்னொரு முறை இப்படி வந்தால்?"

"கேட்பேன். வரவேண்டும் என்று சொன்னால் கொண்டுபோவேன். முன்னாலேயே ஆள் அனுப்பிக் குழியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுற்றுவழியாகப் போவேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் அனுப்பமாட்டேன்" என்றார். அன்று மாலை டாக்டருக்கு எழுதிய குறிப்பில், நான் உத்தரவை மீறியதையும் எழுதியிருந்தார், வார்டை என் பொறுப்பில் விட்டுப் போனது தான் என்பதையும் எழுதியிருந்தார். இந்த விஷயத்தில் நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவரிடம் வேலை செய்வதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நீங்களும் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எலும்பைப் பற்றி அவர் சொல்வது சரி.

ஆனால் நோயாளி நம்மிடமிருந்து எழுந்து ஓர் ஊருக்குப் போகிறாள். அங்கே அவளை நிறுத்திக் கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். எதை மறைப்பது, எதைச் சொல்வது என்று நீங்கள் யோசிக்கும்போது அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளிடமே கேளுங்கள். நாமாக ஊகித்தால் தப்பும். பொய் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தால், அதை அவள் முன்பே கண்டுபிடித்துவிட்டாளா என்றாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வார்டு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய நிறச் சேலைகள் மடித்து வைத்திருக்கின்றன. அவை கட்டுத் துணிக்குக் கிழிப்பதற்கல்ல. எதற்கென்று இப்போது உங்களுக்குத் தெரியும். தீர்ந்தால் தெரேசாவிடம் சொல்லுங்கள், தொழிலாளிகளின் லைன் வீடுகளில் கேட்டு வாங்கி வருவாள்.

இப்போதுள்ள நிலை இது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் சுரங்கத் தொழிலாளிகள் மூலம் கன்னியம்மாவைப் பற்றிக் கேட்டுக்கொள்கிறேன். அவள் இடது கால் குட்டையாகத்தான் இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் அவளால் போக முடியவில்லை, வீட்டிலிருந்து கூடை பின்னுகிறாள். தங்கையின் மாமியார் முதல் நாள் வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டாளாம், கேட்டு முடித்தபின் உள்ளே கூப்பிட்டாளாம். தங்கையின் பிள்ளை இரண்டு வீட்டிலும் வளர்கிறான். ஏரிக்குக் கீழே ஏழுமலையும் அவர் ஆட்களும் நட்ட ஆறு கற்கள் இருக்கின்றன. ஐந்து கற்களுக்குப் பெயர் தெரியும். ஆறாவது ஆளைத் தேடிக்கொண்டு இதுவரை யாரும் வரவில்லை.